யாலோம், ஃபிராங்கல் எல்லாம் நம்ம ஊருக்கு எதுக்கு?

கொல்லங்கோட்டு வாசகர் | 14 ஜூன் 2024, காலை

கொஞ்ச நாளாக இங்கே யாலோம், ஃபிராங்கல் என்ற வெளிநாட்டு மனநல மருத்துவர்கள், அவர்களுடைய இருத்தலியல் உளசிகிச்சை (சாவு, தனிமை, வாழ்வின் அர்த்தம் பற்றிப் பேசி மனதை ஆற்றுகிற முறை) என்று ஒரே பேச்சாக இருக்கிறது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் வசதி உள்ளவனுக்கு வருகிற சீக்கு. வசதி உள்ளவன் எழுதி வசதி உள்ளவன் படிக்கிற புத்தகம். மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி சோபாவில் இருந்து ‘நான் எதுக்கு வாழுதேன்’ என்று பேச நம்ம ஊரில் யாருக்கு நேரம் இருக்கு? நமக்குக் குடும்பம் இருக்கு, கோயில் இருக்கு, குருசடி இருக்கு. அதுக்கு மேல என்ன வேணும்? மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

14 ஜூன், இரவு

மறுக்கிறேன்.

நான் பாலியேட்டிவ் நர்ஸ், தீராத நோயில் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்கிறவள். குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. புண்ணுக்கு மருந்து கட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, மார்ஃபின் மாத்திரை தீர்ந்துபோகுமுன் கணக்குப் பார்ப்பது, முதுகு பொத்துப்போகாமல் திருப்பிப் படுக்க வைக்க வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது. இந்த இழையில் நான் சொல்லப்போகிறவர்கள் எல்லோருடைய ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் எழுதுவேன்.

‘நான் எதுக்கு வாழுதேன்’ என்ற கேள்வியை நான் சோபா உள்ள வீட்டில் கேட்டதில்லை. திருவட்டாருக்குக் கிழக்கே ஒரு ஓட்டு வீட்டில் கேட்டேன். வயிற்றில் புற்றுநோய். ஆயுசு முழுக்க ரப்பர்ப் பால்வெட்டுக்காரர். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போன ஆள். வலி அடங்கியிருந்த ஒரு காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சிஸ்டரே, சின்னப் பிள்ளையா இருக்கையில கத்தி பிடிச்சேன். எத்தன ஆயிரம் மரம் வெட்டியிருப்பேன். ஒத்த மரம் எனக்கதில்ல. பின்ன நான் எதுக்குப் பொறந்தேன்?” அடுப்படியிலிருந்து அவர் மனைவி, “ஜெபம் பண்ணிட்டுக் கெடயும், வேண்டாததெல்லாம் நினைக்காதயும்” என்றார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு அவர்மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ராத்திரி முழுக்க உறங்காமல் காலைத் தடவிவிட்டவர் அவர்தான். அந்தக் கேள்வியை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. குடும்பம் இருந்தும் ஆள் தனியாகிப் போகிற இடம் அது. யாலோம் எழுதுவது முழுக்க அந்த இடத்தைப் பற்றி.

1980-இல் வந்த அவருடைய பெரிய பாடநூலில் மனிதனைக் கடைசிவரை விடாத நான்கு சங்கதிகளைச் சொல்கிறார்: சாவு, சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை. பால்வெட்டுக்காரர் ஒரே மூச்சில் இரண்டைக் கேட்டுவிட்டார். யாலோம் வசதியில் பிறந்தவரும் இல்லை. அப்பா அம்மா வாஷிங்டனுக்குப் பிழைக்கப் போய் மளிகைக்கடை வைத்தவர்கள். 1970-களில் பரவிவிட்ட புற்றுநோயோடு இருந்த பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசவிட்டு, அவர்களிடமிருந்தே தன் பாதி ஞானத்தைப் பெற்றவர். வாழத் தெரிந்துகொள்ள உடம்பெல்லாம் புற்று பரவும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்றே என்று ஒரு நோயாளி வருந்தியதை அவர் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்.

15 ஜூன்

எதில் தொடங்கலாம் என்று கேட்டவருக்கு: அந்தப் பாடநூலில் தொடங்காதீர்கள், பாதியில் வைத்துவிடுவீர்கள். 1989-இல் வந்த ‘லவ்ஸ் எக்சிக்யூஷனர்’ எடுங்கள். பத்து நோயாளிகளின் கதைகள். மருத்துவர் தன் மனதில் ஓடிய அசிங்கத்தையும் மறைக்காமல் எழுதியிருப்பார். உடல் பருத்த ஒரு பெண் அறைக்குள் வந்ததும் தனக்கு ஏற்பட்ட அருவருப்பை அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு, புழு வைத்த புண்ணைத் திறக்கும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன். நோயாளிகள் நம் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

17 ஜூன்

ஃபிராங்கலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ‘மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்’. தமிழிலும் கிடைக்கிறது. நம்ம மாவட்டத்தில் இந்த வகைப் புத்தகங்களிலேயே அதிகம் கைமாறுவது இதுதான். தியானத்துக்குப் போனவர்கள் வாங்கி வருகிறார்கள், பி.எட். படிக்கிற பிள்ளைகள் படிக்கிறார்கள், மேடையில் பேசுகிறவர்கள் எடுத்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. பைக் விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா. துட்டி கேட்க வந்தவர்களில் ஒருவர் இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, “துன்பத்துக்கும் ஒரு அர்த்தம் உண்டு, படிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அடியந்திரம், அந்தச் சாவுச் சடங்குகூட முடியவில்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டது: “எனக்க மவன் செத்ததுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கணுமாம், அது நான் செய்யணுமா?” நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். கொடுத்த நேரம் ஆகாத நேரம்.

புத்தகத்திலேயே ஃபிராங்கல் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். மனைவி இறந்து இரண்டு வருஷமாகியும் தேற முடியாத ஒரு வயதான மருத்துவர் அவரிடம் வருகிறார். ஃபிராங்கல் புத்திமதி சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்கிறார்: நீங்கள் முதலில் போய், உங்கள் மனைவி இருந்திருந்தால்? ஐயோ, அவள் எவ்வளவு பாடுபட்டிருப்பாள் என்கிறார் கிழவர். அந்தப் பாடு அவளுக்கு வராமல் போனது, அதற்கு விலையாகத்தான் நீங்கள் இருந்து துக்கப்படுகிறீர்கள் என்கிறார் ஃபிராங்கல். வந்தவர் ஒன்றும் பேசாமல் கை கொடுத்துவிட்டுப் போகிறார். பதிலின் முதல் பாதி கிழவரின் வாயிலிருந்து வந்தது. அதனால்தான் அடுத்த பாதியை அவரால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. துட்டி வீட்டில் புத்தகம் கொடுத்தவர் இரண்டு பாதியையும் தானே சொல்லிவிட்டார்.

இன்னொன்று, மேடைப்பேச்சாளர்கள் விட்டுவிடுகிற வரி: தவிர்க்கக்கூடிய துன்பமென்றால் அதைத் தவிர்ப்பதுதான் அர்த்தமுள்ள காரியம், வேண்டாமல் துன்பப்படுவதில் வீரம் எதுவும் இல்லை என்று ஃபிராங்கல் எழுதியிருக்கிறார். மார்ஃபின் கொடுத்தால் கெட்டுப்போவார், வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கட்டும் என்று சொல்கிற வீடுகளில் இந்த வரியை நான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். முதலில் வலி அடங்கட்டும். அர்த்தம் பிறகு வரும், வராமலும் இருக்கட்டும்.

18 ஜூன்

நேற்று எழுதியதோடு மனம் நிற்கவில்லை. இரவு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மேடையில் பேசுகிறவர்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் இரண்டாம் பாதியை. முதல் பாதி வேறு மாதிரி. 1945-இல் நாஜி வதைமுகாமிலிருந்து வந்த மனிதர், ஒன்பது நாளில் சொல்லச் சொல்ல எழுதவைத்து, 1946-இல் வெளியிட்டது. எங்களில் மிகச் சிறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பிழைத்ததைத் தன் பெருமையாக வைத்துக்கொள்ளாத மனிதர்.

இருட்டில், பனியில் வேலைக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில் நடப்பவன், நம் பெண்டாட்டிகள் இப்போது நம்மைப் பார்த்தால் என்று ஏதோ முணுமுணுக்கிறான். ஃபிராங்கல் அப்போதிருந்து மனதுக்குள் தன் மனைவியோடு பேசிக்கொண்டே நடக்கிறார். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இருந்தும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. உண்மையில் அவர் மனைவி டில்லி பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனார். அவருக்கு அது தெரிந்தது விடுதலைக்குப் பிறகுதான்.

உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத ஆளோடு பேசிக்கொண்டே நடப்பது. இதை நான் தூத்தூர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

22 ஜூன்

ஒக்கி புயல். 2017 நவம்பர் 30. நம்ம ஊரில் அதை இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். உள்நாட்டில் ரப்பரும் வாழையும் ஒடிந்து விழுந்ததும், நாள்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்ததும். கடற்கரையில், தூத்தூரிலிருந்து நீரோடி வரை, போனவர்கள் வராதது. அந்தக் கரைக்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகிறவர்கள், வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். புயல் வரும்போது பலரும் தொலைவில் இருந்தார்கள். உடல் கிடைத்தவர்கள் சிலர். பலருக்கு உடலே கிடைக்கவில்லை.

சட்டப்படி காணாமல் போன ஒருவரை இறந்தவராகக் கொள்ள ஏழு வருஷம் ஆக வேண்டும். ஒக்கியில் அரசு அவ்வளவு காத்திருக்க வைக்கவில்லை. வராதவர்களின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். தேவையான காரியம், வயிறு காத்திருக்காது. ஆனால் கையெழுத்துப் போட்ட பெண்களில் சிலருக்கு, நம்ம கையாலேயே அவரைச் சாகடித்துவிட்டோமோ என்ற வெப்ராளம் இன்றுவரை போகவில்லை.

நான் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கவாதத்தில் கிடந்த மாமியாரைப் பார்க்க. மருமகளின் கணவர் ஒக்கியில் போனவர். மாமியாரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டுகிறவர் அந்த மருமகள்தான். ஒருநாள் பாயில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டே சொன்னார். பங்கு அலுவலகத்தில் பூசைக்கு எழுதிக்கொடுக்கப் போயிருக்கிறார். அங்கே இருந்த பெண் கேட்டிருக்கிறாள், ஆத்தும சாந்திக்கா, நல்ல சுகத்துக்கா என்று. “ரெண்டுக்கும் எழுது பிள்ளே” என்றாராம். ரெண்டும் ஒருத்தர் பேருக்கு எழுத முடியாதே அக்கா என்று அவள் திகைக்க, “அப்போ ரெண்டு சீட்டு தா” என்று இரண்டு பூசைக்கும் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறார். மாத்திரைகளைக் காலை, மதியம், ராத்திரி என்று மூன்று சிரட்டையில் போட்டு முடிக்கும்வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு கேட்டார்: “எனக்குக் கிறுக்குன்னு நினைக்குதியா சிஸ்டரு?”

இல்லை என்றேன். அந்த உறுதியை எனக்குத் தந்தது பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய ‘ஆம்பிகியஸ் லாஸ்’ (1999). வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் மனைவிமாரோடு 1970-களில் பேசத் தொடங்கி, பிறகு 2001-இல் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தபோது அந்தக் குடும்பங்களோடும் வேலை செய்தவர். அவர் சொல்வது: உடல் கிடைக்காத இழப்பில் நோய் ஆளிடம் இல்லை, நிலைமையில் இருக்கிறது. ‘ஏற்றுக்கொள், முடித்துக்கொள்’ என்று நெருக்கினால் அவர்கள் இன்னும் இறுகிவிடுவார்கள். அவர் போயிருக்கலாம், வரவும் செய்யலாம், இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு நாளைக்குச் சோறு பொங்க முடியும். அதற்குத் துணை நிற்பதுதான் சிகிச்சை. மறதி நோயில் ஆள் எதிரே இருந்தும் இல்லாமல் போவதையும் இதே கணக்கில் சேர்க்கிறார்.

பாஸ் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த மருமகள் இரண்டு சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். அப்படியென்றால் புத்தகம் எதற்கு என்று கொல்லங்கோட்டுக்காரர் கேட்பார். அவருக்குப் புத்தகம் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது. படித்திராவிட்டால் ‘அக்கா, அவரு இனி வரமாட்டாரு, மனச தேத்துங்க’ என்று நானும் எல்லோரையும்போலச் சொல்லியிருப்பேன்.

23 ஜூன்

சுனாமியிலும் இதே கதைதான் என்று மணக்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம். 2004-இல் பிள்ளையைத் தேடிக்கொண்டே இருந்தவர்களை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் வீட்டு விஷயத்தை இங்கே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத விருப்பம் இருந்தால் எழுதுங்கள், படிக்க நாங்கள் இருக்கிறோம்.

29 ஜூன்

உளசிகிச்சைப் புத்தகம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது உளசிகிச்சை என்ற தொழிலே உருவாகுமுன் எழுதிய ஒன்றை. டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’, 1886. யாலோமும் சாவைப் பற்றி எழுதும்போதெல்லாம் இதற்குத்தான் திரும்புகிறார்.

இலியிச்சுக்கு வலியைவிடப் பெரிய வேதனை, வீட்டார் எல்லோரும் சேர்ந்து நடத்துகிற பொய். சாகிறவரைச் சாகவில்லை, வெறும் நோய்தான் என்று எல்லோரும் பாவனை செய்கிறார்கள். அந்த வீட்டில் பொய் சொல்லாத ஒரே ஆள் வேலைக்காரப் பையன் கெராசிம். இலியிச்சின் கால்களைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். எல்லோரும் ஒருநாள் சாகப் போகிறவர்கள்தானே, கொஞ்சம் பாடுபட்டால் என்ன என்கிற மாதிரி சொல்வான். இலியிச்சுக்கு அவன் இருக்கும்போது மட்டும்தான் சற்று நிம்மதி.

நாங்கள் போகிற வீடுகளில் பாதியில் வாசலிலேயே பிடித்து நிறுத்துவார்கள். “சிஸ்டர், கேன்சர்னு சொல்லிராதீங்க. வயித்துல புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம்.” தக்கலைப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். மகன்கள் இரண்டுபேரும் மந்திரிசபை ரகசியம்போல அதைக் காத்துவந்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது அவர் என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார்: “எனக்குத் தெரியும்னு பையன்மாருக்குத் தெரியாது. நீயும் சொல்லிராத மக்களே, அதுக வெசனப்படும்.” ஒரே வீட்டில் இரண்டு திசையிலிருந்தும் பாதுகாப்பு. யாரும் யாரிடமும் பேச முடியாது. அவருக்குச் சொல்ல வேண்டியது இருந்தது, நிலத்தைப் பற்றியும், பேசாமல் போன தம்பியைப் பற்றியும். பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பா உங்களிடம் என்ன பேச நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை, அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அடுத்த முறை போனபோது தம்பிக்காரர் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாணவிகள் பயிற்சிக்கு வரும்போது கெராசிம் கதையைச் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லை.

3 ஜூலை

“நம்மகிட்ட இல்லாத தத்துவமா?” என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. கண்டிப்பாக இருக்கிறது. ஒரு வீட்டில் சாவுப்பறை, அடுத்த வீட்டில் கல்யாண மேளம் என்று புறநானூறு 194-இல் பக்குடுக்கை நன்கணியார் பாடினார். இந்த உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்றே சொல்லிவிட்டார். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வழியில் கும்பிடுகிறவர்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் முகத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். நாகர்கோவிலில் இருந்து சுந்தர ராமசாமி 1981-இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ எழுதினார். அதன் நாயகன் இறப்பது பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள். இருத்தல் கேள்வியை யாரும் நமக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கவில்லை.

ஆனால் தத்துவம் கையில் இருப்பதும் கேட்க ஆள் இருப்பதும் வேறுவேறு. நிலையாமைப் பாட்டு எனக்கு நிறையத் தெரியும். சாகிறவர் பக்கத்தில் அதைச் சொன்னால் அவர் வாயை அடைத்ததாகும்.

கோயில் கொடையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். இசக்கியம்மன் முன்னால் ஒரு பெண் தலைவிரித்து அழுது, மாமியார் முதல் மாப்பிள்ளை வரை எல்லாக் குறையையும் சொல்லித் தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவளை ‘அழாத’ என்று தடுக்கவில்லை. அழ விடுகிற அந்த இடம் மதிக்க வேண்டிய இடம். எனக்குக் குறை தோன்றுவது அடுத்த நிமிஷத்தில். பதில் உடனே வந்துவிடுகிறது, செய்வினை, நேர்ச்சைக் குறை, குலதெய்வக் கோபம். கேள்வி இன்னும் முழுதாகப் பிறக்கவே இல்லை. பாதரும் பாஸ்டரும் கவுன்சிலரும் நர்ஸும்கூட இதைச் செய்கிறோம். யாலோமின் பத்துக் கதைகளில் அவர் சறுக்குகிற இடங்களும் பெரும்பாலும் இவைதான், விளக்கம் சொல்ல அவசரப்பட்ட இடங்கள்.

4 ஜூலை

நேற்றையதற்கு ஒரு பின்குறிப்பு. யாலோமின் ஒரு நோயாளி, ஜின்னி என்ற எழுத்தாளர், பணம் கட்ட முடியாத நிலையில் இருந்தார். பணத்துக்குப் பதிலாக ஒவ்வொரு சந்திப்புக்கும் பிறகு நடந்ததை எழுதிக்கொடு, நானும் எழுதுகிறேன் என்றார் யாலோம். பின்னால் இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒரே மணிநேரத்தைப் பற்றிய குறிப்புகளா என்று சந்தேகம் வரும். மருத்துவர் தன் அருமையான விளக்கங்களை எழுதியிருக்கிறார். அவை ஜின்னியின் காதில் ஏறவே இல்லை. அவர் நினைவில் நின்றது தன் உடுப்பைப் பற்றி அவர் சொன்ன ஒரு நல்ல வார்த்தை, தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்ட விதம், இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்கள். 1974-இல் இருவர் பெயரிலும் புத்தகமாக வந்தது.

இதைப் படித்ததிலிருந்து, பதிவேட்டில் நான் எழுதுகிற ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்ற வரி என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.

11 ஜூலை

குறை எதுவும் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது.

யாலோமின் நாவல்கள் எனக்கு முழுசாக ஒட்டவில்லை. ‘வென் நீட்சே வெப்ட்’ (1992) நன்றாக ஓடும், வியன்னா, 1882, நடந்திராத ஒரு சந்திப்பு, மருத்துவர் ப்ராய்யரும் தத்துவவாதி நீட்சேயும். ஆனால் இருவரும் அடுக்கி வைத்ததுபோல் பேசுகிறார்கள். துக்கத்தில் இருப்பவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கோழியை விரட்டிவிட்டு வந்து, வேறொன்றைத் தொடங்குவார்கள்.

இன்னொரு குறை, அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். நாங்கள் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறவர்கள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டு இருக்கிற அம்மச்சியிடம் பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸின் தர்க்கத்தைக் கொண்டுபோய் என்ன செய்ய? சாவு இருக்குமிடத்தில் நான் இல்லை என்று அவர் சொன்னால், அம்மச்சி சாவுக்குப் பிறகு யார் யாரைப் பார்க்கப் போகிறோம் என்ற கணக்கில் இருப்பார். ‘ஸ்டேரிங் அட் த சன்’ (2008) புத்தகத்தில் எனக்கு அங்கே பயன்படுவது வேறு ஒன்று: நம்மிடமிருந்து பிறருக்குப் போய், நாம் இல்லாதபோதும் பரவிக்கொண்டிருப்பது பற்றி அவர் எழுதியது. பால்வெட்டுக்காரரிடம் பின்னொரு நாள் கேட்டேன், உங்களிடம் வெட்டுப் பழகினவர்கள் யாராவது உண்டா என்று. முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். ஒருத்தன் பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவுவான், மரத்துக்கு நோவாமல், என்று கையை அசைத்துக் காட்டினார். மரம் அவருக்கதாக இல்லை என்பது அதனால் மாறவில்லை. அந்த அநியாயம் அநியாயமாகவேதான் இருக்கிறது, அதை ஆறுதல் சொல்லி மூட எனக்கு உரிமை இல்லை. அன்றைக்குக் கஞ்சி கொஞ்சம் கூடக் குடித்தார்.

மூன்றாவது, இந்தத் துறையின் கறுத்த பக்கம். லுட்விக் பின்ஸ்வாங்கர் என்ற சுவிஸ் மருத்துவர் எல்லன் வெஸ்ட் என்ற பெண்ணைப் பற்றி 1944-45-இல் எழுதிய ஆய்வு. இருத்தலியல் சிகிச்சையின் அடிப்படை நூல்களில் ஒன்றாகச் சொல்வார்கள். அந்தப் பெண் 1921-இல் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட சில நாளிலேயே உயிரை மாய்த்துக்கொண்டவர். அவர் மனதின் உலகத்தைப் பின்ஸ்வாங்கர் எவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறார், ஆனால் அந்தப் பெண்ணோடு யாராவது உட்கார்ந்தார்களா என்ற கேள்வி எனக்குப் படிக்கப் படிக்க வளர்ந்தது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸும் இதே ஆதங்கத்தோடு எழுதியிருக்கிறார், எல்லோரும் அவளை ஒரு பொருளாகப் பார்த்தார்கள், ஆளாக யாரும் சந்திக்கவில்லை என்று. நுட்பமான புத்தகம் ஒரு உயிரைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல வரவில்லை.

12 ஜூலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இருந்து என்ன பயன் என்ற எண்ணம் விடாமல் வந்தால் புத்தகத்தோடு நிற்காதீர்கள். 14416, டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணிநேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு இல்லை. மாத்திரை தேவையென்று மருத்துவர் சொன்னால் எடுங்கள். ஃபிராங்கலும் யாலோமும் மனநல மருத்துவர்கள்தான், மாத்திரைக்கு எதிரிகள் இல்லை. ‘ஊளம்பாறைக்குப் போகணும்’ என்று, திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனையைச் சொல்லி, நம்ம ஊரில் கேலி பேசுவதை இந்த இழையிலாவது நிறுத்துவோம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வருஷக்கணக்கில் மருத்துவரிடம் போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

20 ஜூலை

யாலோமின் கடைசிக் காலப் புத்தகத்தை இப்போதுதான் முடித்தேன், ‘எ மேட்டர் ஆஃப் டெத் அண்ட் லைஃப்’ (2021). அவரும் மனைவி மேரிலினும் மாறி மாறி எழுதியது. மேரிலினுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். 2019 நவம்பரில் அவர் இறந்த பிறகு யாலோம் தனியாக எழுதி முடிக்கிறார். துக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆயுசெல்லாம் சிகிச்சை அளித்தவர், தனக்கு வந்தபோது மரத்துப் போகிறார், வேண்டாத நினைப்பு வந்து அலைக்கழிக்கிறது, எதையாவது பார்த்ததும் மேரிலினிடம் சொல்லவேண்டும் என்று தோன்றி, அப்புறம் ஞாபகம் வருகிறது. அறிவு அங்கே கைகொடுக்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பு இதில்தான் உச்சத்துக்குப் போனது.

21 ஜூலை

கொல்லங்கோட்டுக்காரர் நேற்று எழுதியதற்கு. உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் இங்கே சொல்லியிருக்க வேண்டிய அவசியமில்லை, சொன்னதற்கு நன்றி அண்ணே. கருத்தை மாற்றவில்லை, ஒரு புத்தகம் மட்டும் பார்க்கிறேன் என்கிறீர்கள். சரி. ‘லவ்ஸ் எக்சிக்யூஷனர்’ என்னிடம் இருக்கிறது, மார்த்தாண்டத்துக்கு வரும்போது தருகிறேன். அடியிலும் ஓரத்திலும் பென்சில் கோடு நிறைய இருக்கும்.

வரிசையாகப் படிக்க வேண்டாம். மகள் இறந்த துக்கத்திலேயே நின்றுவிட்ட டாக்ஸி ஓட்டுநர் பென்னியின் கதையை முதலில் படியுங்கள். தலைப்பே ‘தப்பான பிள்ளை செத்துப்போச்சு’ என்ற அர்த்தத்தில் இருக்கும். உயிரோடு இருக்கிற இரண்டு மகன்களை அவள் பார்க்கவே மறந்திருப்பாள். யாலோமுக்கு அதை அவளிடம் எடுத்துச்சொல்லக் குறைந்த காலம்தான் கையில் இருந்தது, வெளியூர் போக வேண்டியிருந்தது. அவர் அவசரப்பட்டார் என்பது என் கட்சி. அவசரப்பட்டதால்தான் மகன்களாவது தப்பினார்கள் என்று என்னோடு வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட் அடித்துச் சொல்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் என்று படித்துவிட்டு எழுதுங்கள்.